சிதம்பரமா, புதுக்கோட்டையா: அத்தானின் நோட்டில் விடுபட்ட வரி

அத்தான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவர். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதாமல் அவருக்கு ஒரு முடிவும் வராது. 2025 கலந்தாய்வு நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நீள நோட்டு ஒன்றின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் சிதம்பரம், வலப்பக்கம் புதுக்கோட்டை என்று தலைப்பிட்டு, கும்பகோணத்தில் இருக்கும் என் பல் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார். பின்னால் அக்கா. அவளுக்கும் பின்னால், பல் மருத்துவம் படிக்கப்போகிற பெண், காதில் எதையோ மாட்டிக்கொண்டு.

அவளுடைய நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எட்டவில்லை. மறுபடி ஓராண்டு உட்கார்ந்து எழுதும் எண்ணமும் அவளுக்கு இல்லை; பல் மருத்துவம் பிடித்துத்தான் வருகிறாள். தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று. சென்னையில் இருப்பது 1953இல் தொடங்கியது. அங்கே இடம் கிடைத்தவர்கள் யோசிப்பதில்லை, கிடைக்காதவர்கள் யோசித்துப் பயனில்லை. இவள் இரண்டாம் வகை. மீதி இரண்டுக்கும் வாய்ப்பு இருந்தது. எனவே இந்த நோட்டு.

சுயநிதிக் கல்லூரி என்று மூன்றாவது பத்தியை அத்தான் போடவே இல்லை. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில், சுயநிதியில் லட்சங்களில். வங்கிக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. (7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அவர்கள் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவர்கள் மூன்றாவது பத்தியையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.)

நோட்டைப் புரட்டினேன். அவர்கள் ஊரான தஞ்சாவூரிலிருந்து தொலைவு, விடுதி, கல்லூரியின் வயது, மொத்த இடங்கள், பஸ் வசதி, ரயில் வசதி, "பெயர்" என்று ஒரு வரி, "பாதுகாப்பு" என்று ஒரு வரி. மொத்தம் பதினோரு வரிகள். எந்த வரியிலும் நோயாளி இல்லை. பல் மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிற பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. கட்டடத்தைப் பார்க்கிறார்கள், தொலைவைப் பார்க்கிறார்கள், யாரோ அனுப்பிய தரவரிசைப் பட்டியலைப் பார்க்கிறார்கள். அந்த நாற்காலிகளில் வாயைத் திறந்துகொண்டு உட்காரப்போவது யார், எத்தனை பேர் என்று கேட்பவர் அரிது.

அதற்கு வருவதற்கு முன் அத்தானின் நோட்டில் சில திருத்தங்கள் செய்ய வேண்டியிருந்தது.

ஒன்று, சிதம்பரத்தைக் கலந்தாய்வுப் பட்டியலில் தேடினால் கடலூர் மாவட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில்தான் கிடைக்கும். கடலூர் நகரத்தில் இருப்பதாக நினைத்து அத்தான் தொலைவைத் தவறாகக் கணக்கிட்டிருந்தார். அது இருப்பது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில். 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டதுதான் அது. வயதானவர்கள் வாயில் இன்றும் ராஜா முத்தையாதான்.

இரண்டு, அக்காவின் மாமியார் போனில் "சிதம்பரம் என்றால் லட்சக் கணக்கில் கொட்ட வேண்டுமே" என்றாராம். அது பழைய கதை, ஆனால் பொய்க் கதை அல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை 2013இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகும், அங்குள்ள மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் பல ஆண்டுகள் தனியார் கல்லூரிக்கு நிகரான கட்டணம்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய மாணவர் போராட்டம் ஐம்பது நாட்களைத் தாண்டி நீண்டது. அதன் பிறகுதான், 2021 தொடக்கத்தில், அங்கிருந்த மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து, மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணம் அங்கும் வந்தது. இன்று அங்கே சேருகிற பிள்ளை குறைந்த கட்டணம் கட்டுகிறது என்றால், வகுப்பை விட்டு வெளியே வந்து உட்கார்ந்த அந்த மாணவர்களால்தான்.

மூன்று, புதுக்கோட்டையைப் பற்றி யாரோ ஒரு பெரியவர் "புதுக் கல்லூரி, அங்கீகாரம் இல்லை" என்று பயமுறுத்தியிருந்தார். 2023இல் 50 இடங்களுடன் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி அது. எந்தப் புதிய பல் மருத்துவக் கல்லூரிக்கும் முதலில் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதிதான் கிடைக்கும். முதல் தொகுதி மாணவர்கள் இறுதித் தேர்வு எழுதும் கட்டத்தில்தான் முழு அங்கீகாரத்துக்கான ஆய்வு நடக்கும். அது வழக்கமான நடைமுறை. தனியார் கல்லூரி என்றால் நானும் இரண்டு முறை யோசிப்பேன். அரசே நடத்துகிற கல்லூரிக்கு இந்தக் கவலையைச் சுமக்க வேண்டியதில்லை.

தரவரிசையையும் சேர்த்தே முடித்துவிடலாம். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியலில் ஆய்வுக்கும் தொழில்சார் செயல்பாட்டுக்கும் மட்டும் 30 விழுக்காடு மதிப்பு. எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது என்பது பல்கலைக்கழகத்துக்கு முக்கியம். மூன்றாமாண்டு மாணவி தன் முதல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது பக்கத்தில் ஆசிரியர் நிற்பாரா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

இப்போது நோயாளிக்கு வருகிறேன்.

நான் படித்தது ஒரு சுயநிதிக் கல்லூரி, பெயர் வேண்டாம். கண்ணாடி வாசல், குளிர்சாதனம், வரிசையாகப் பளபளக்கும் நாற்காலிகள். அவற்றில் உட்காரத்தான் ஆள் இல்லை. பி.டி.எஸ். என்ற இளநிலைப் பல் மருத்துவப் படிப்பில் முதல் இரண்டு ஆண்டுகள் உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல், மெழுகில் பல் செதுக்குதல், பொம்மைத் தலையில் பல் அடைத்துப் பழகுதல் என்று போய்விடும். மூன்றாம் ஆண்டிலிருந்து உயிருள்ள வாய். இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை பேருக்குப் பல் சுத்தம் செய்ய வேண்டும், இத்தனை பல்செட் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் ஒரு கோட்டா வைத்திருக்கும். கோட்டா முடியாவிட்டால் தேர்வுக்கு உட்கார விடமாட்டார்கள். ஆள் வராத கல்லூரியில் கோட்டா எப்படி முடியும்? மாணவர்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

முழுப் பல்செட் என்பது ஒரே நாள் வேலை அல்ல. முதல் நாள் அச்சு. அடுத்த முறை, அவருக்கென்றே செய்த தட்டில் நுட்பமான அச்சு. மூன்றாவது முறை மேல் தாடையும் கீழ்த் தாடையும் எந்த உயரத்தில், எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று குறிப்பது. நான்காவது முறை மெழுகில் பல் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பது. ஐந்தாவது முறை செட்டை மாட்டி அனுப்புவது. எனக்குக் கிடைத்தவர் சந்தையில் கீரை விற்கும் ஒரு பெரியவர். மூன்று முறை வந்தார். நான்காவது முறை வரவில்லை. எனக்கோ அடுத்த வாரம் கோட்டா நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். மெழுகுப் பல்செட்டை எவர்சில்வர் தூக்கில் போட்டு, மே மாத வெயிலில் மெழுகு இளகிவிடாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாயில் வைத்துப் பார்த்தார். என் கைப்பையில் இருந்த கண்ணாடியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "நன்றாகத்தானே இருக்கிறது, இதையே வைத்துக்கொள்கிறேனே அம்மா, இன்னொரு தரம் எதற்கு அலைய வேண்டும்?" என்றார். மெழுகில் சோறு மெல்ல முடியாது என்று விளக்கி, போக வர பஸ் காசைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பல்செட் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் நான் ஆள் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பல் பிடுங்குவதில் என் கை பழகியது பட்டம் வாங்கிய பிறகு, ஒரு மூத்த மருத்துவரிடம் உதவியாளராகக் குறைந்த சம்பளத்துக்கு இரண்டு ஆண்டுகள் நின்றபோதுதான். பத்துப் பல் பிடுங்கியவருக்கும் இருநூறு பல் பிடுங்கியவருக்கும் சான்றிதழ் ஒன்றுதான், கை ஒன்றல்ல.

இதைச் சொல்லிவிட்டு அத்தானின் நோட்டில் பன்னிரண்டாவது வரியாக "நோயாளி" என்று எழுதச் சொன்னேன்.

இந்த வரியில் சிதம்பரத்துக்கு நாற்பத்து மூன்று ஆண்டு முன்னிலை இருக்கிறது. சீர்காழி, காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று சுற்றுவட்டாரத்தில் பல் வலித்தால் எந்த வாசலுக்குப் போவது என்பது தாத்தா காலத்திலிருந்து பழகிய வழி. விளம்பரம் செய்து வருவதில்லை அந்தப் பழக்கம். ஒரு பாட்டிக்குச் செட் கட்டினால் அவள் தெருவிலிருந்து நாலு பேர் வருவார்கள், அதுவும் பத்தாண்டுகளில் மெதுவாக. வெற்றிலை, புகையிலை போடுகிற கடலோரமும் வயல்வெளியும் சூழ்ந்த ஊர். வாய் திறக்க முடியாமல் இறுகிப்போன கன்னம், நாக்கோரத்தில் ஆறாத புண் என்று பாடப் புத்தகத்தில் படமாகப் பார்ப்பதை நேரில் பார்க்க வாய்ப்புள்ள இடம். புற்றுநோயின் முதல் அறிகுறியைக் கண்டுபிடிக்கிறவர் பல நேரங்களில் பல் மருத்துவர்தான். அந்தக் கண் படத்தைப் பார்த்து வராது.

புதுக்கோட்டையின் பக்கத்தில் எழுதவும் விஷயம் இருக்கிறது. அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி என்று பெரிய மாவட்டம். பல்லுக்காகத் தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று பஸ் ஏறிய மக்கள். செலவில்லாமல் பார்க்கிற இடம் உள்ளூரில் வந்துவிட்டது என்று தெரியத் தெரிய வரத்தான் செய்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கேயே இருப்பதால், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வருகிறவர்களைப் பல் பக்கமும் அனுப்ப முடியும். அதைவிட முக்கியம், வகுத்துப் பார்ப்பது. வருகிற நோயாளிகளை வகுப்புக்கு வெறும் 50 பேர்தான் பங்கு போடுகிறார்கள். கூட்டம் குறைவாகவே இருந்தாலும் தலைக்குக் கிடைப்பது குறையாமல் போகலாம். அத்தானுக்கு இந்த வகுத்தல் மிகவும் பிடித்துப்போனது.

இதற்கு எதிராக இன்னொரு வகுத்தல் உண்டு. சிதம்பரத்தில் எம்.டி.எஸ். இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் இருக்கிற இடத்தில் கடினமான கேஸ்கள் அவர்களிடம்தான் போகும். எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் ஞானப்பல், வளைந்த வேர்களுள்ள கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை எல்லாம் பி.டி.எஸ். பிள்ளை கையில் வராது; ஓரத்தில் நின்று உறிஞ்சு குழாயைப் பிடிக்கலாம். புதுக்கோட்டையில் இப்போதைக்கு அந்தப் போட்டி இல்லை. "அப்படியானால் புதுக்கோட்டைதானே நல்லது?" என்று அக்கா உடனே பிடித்துக்கொண்டாள். அவள் காத்திருந்ததே அதற்குத்தான்.

நான் அப்படி நினைக்கவில்லை. குழாய் பிடித்துக்கொண்டு நிற்பதும் படிப்புதான். எங்கே வெட்டினார், எங்கே நிறுத்தினார், இரத்தம் நிற்காதபோது முகம் மாறாமல் என்ன செய்தார் என்பதை ஒரு எம்.டி.எஸ். மாணவரிடம் கேட்கலாம், பேராசிரியரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே இருக்கிற அந்தப் படிதான் பெரும்பாலும் கற்றுத் தருகிறது.

அந்தப் படியின் கடைசிக் கட்டை ஹார்லிக்ஸ் பாட்டில். சிரிக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டிலும் அதற்குப் பிறகும், பிடுங்கிய உண்மையான பற்களில் துளையிட்டுப் பழக வேண்டும். அந்தப் பற்களை மாணவர்தான் சேர்க்க வேண்டும். சொத்தை தின்று பாதி போன பல் எளிதில் கிடைக்கும். முழுதாக, வேர் முறியாமல் இருக்கிற மேல் முன்பல்லுக்கு அலைய வேண்டும். பழைய கல்லூரிகளில் விடுதி அறையைக் காலி செய்கிற சீனியர், பற்கள் சேர்த்து வைத்த தன் பாட்டிலை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போவார். கூடவே மெழுகு செதுக்கும் கத்தி, பழைய தேர்வுக் கேள்விகள், எந்த ஆசிரியர் எதைக் கேட்பார் என்ற ரகசியம். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்றாலும் கருவிகள் பலவற்றைக் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும். சீனியரிடமிருந்து பாதி விலைக்கு வருவது சின்ன விஷயம் அல்ல. என் பாட்டில் இன்னும் கிளினிக் பரணில் இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறக்கலாமா என்று கேட்டாள்.

"புதுக் கல்லூரியில் சீனியர் தொல்லை இருக்காதில்லையா சித்தி?" என்றும் கேட்டாள். இருக்காது, குறைவுதான். தொல்லையோடு சேர்ந்து கையும் குறைவு. 2025இல் புதுக்கோட்டையில் சேர்ந்தால் இவள் மூன்றாம் தொகுதி. இவள் மூன்றாம் ஆண்டுக்கு வந்து முதல்முறை நோயாளியைத் தொடுகிற 2027இல்தான், அந்தக் கல்லூரியின் முதல் ஹவுஸ் சர்ஜன்களே, அதாவது இறுதித் தேர்வு முடித்துப் பயிற்சி ஆண்டில் இருப்பவர்களே, உருவாகியிருப்பார்கள். அவர்களுக்கும் அது முதல் அனுபவம். மயக்க ஊசி போட்ட பிறகும் வலிக்கிறது என்று நோயாளி கத்தும்போது, "நகரு, நான் பார்க்கிறேன்" என்று சொல்ல இரண்டு வயது மூத்த ஒருவர் பக்கத்தில் இருப்பது ஆசிரியர் எண்ணிக்கையில் வராத கணக்கு. எல்லாப் புதிய கல்லூரிக்கும் இந்தக் குறை உண்டு, புதுக்கோட்டையின் தவறல்ல. 2032இல் சேருகிற பிள்ளைக்கு நான் இந்தப் பத்தியையே எழுத வேண்டியிருக்காது.

தொலைவு. அக்காவின் உண்மையான வரி இதுதான். மற்ற பதினொன்றும் அதற்கு உறைதான். தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டை ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். தினமும் வந்து போகட்டும் என்றாள். அதற்கு மட்டும் நான் உறுதியாக மறுத்தேன். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனால், மாலையில் லேப்பில் உட்கார்ந்து ப்ளாஸ்டர் ஊற்றவும் மெழுகு தேய்க்கவும் நேரம் இருக்காது. அந்த மாலைகளில்தான் கை பழகும். எங்கே சேர்ந்தாலும் விடுதி. விடுதி என்று ஆகிவிட்டால் 60 கிலோமீட்டருக்கும் 100 கிலோமீட்டருக்கு மேலும் என்ன பெரிய வித்தியாசம்? சிதம்பரத்துக்கு ரயில் இருக்கிறது. தஞ்சாவூரில் ஏறினால் கும்பகோணம், மயிலாடுதுறை தாண்டிப் போகிறது. வழியில் சித்தி இருக்கிறாள் என்று நானே என் பெயரை நோட்டில் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் அக்கா சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. வீட்டில் நோயாளி இருக்கிற பிள்ளை, மாதம் இரண்டு முறையாவது ஓடி வர வேண்டிய பிள்ளை, கூட்டம் என்றாலே ஒடுங்கிப்போகிற பிள்ளை என்றால் நான் தயங்காமல் புதுக்கோட்டையைத்தான் முதலில் போடச் சொல்வேன். ஐம்பது பேர் வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். கடைசி பெஞ்சு என்று ஒன்று அங்கே உருவாகவே இடமில்லை. கருவிகளும் நாற்காலிகளும் புதியவை. முதல் சில தொகுதிகள் மேல் தனிக் கவனம் இருக்கும். தானாகத் தேடிப் படிக்கிற குணம் இருந்தால், சீனியர் இல்லாத குறையை ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் ஈடு கட்டிவிடலாம். எங்கள் பெண் தானாகத் தேடுகிறவள் அல்ல. தேடுகிறவர்கள் நடுவில் விட்டால் தேடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

பட்டத்தின் மதிப்பு இரண்டிலும் ஒன்றே. மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் ஒரே பதிவேட்டில்தான் பெயர் ஏறும். எம்.டி.எஸ்.ஸுக்கு இரண்டு கல்லூரிக்காரர்களும் ஒரே நீட் எழுத வேண்டும். அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வரும்போது கல்லூரிப் பெயரை யாரும் கேட்பதில்லை. பல் மருத்துவருக்கு அது எப்போதோ ஒருமுறைதான் வருகிறது என்பது வேறு வருத்தம். எம்.டி.எஸ். இல்லாமல் பிழைக்க முடியுமா என்றும் பெண் கேட்டாள். நான் வெறும் பி.டி.எஸ். மாதக் கடைசியில் வாடகை தவறியதில்லை. கை பழகியிருந்தால் போதும்.

என் வரிசை: சிதம்பரம் ஒன்று, புதுக்கோட்டை இரண்டு. வித்தியாசம் பெரிதல்ல, ஒன்றுக்கு இடம் கிடைக்காமல் இரண்டு கிடைத்தால் அழ வேண்டிய காரியம் இல்லை. விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் விதிமுறைக் கையேட்டில், அடுத்த சுற்றில் மேல் விருப்பத்துக்கு மாறுவது எப்படி, சேர்ந்த பிறகு விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டு பக்கங்களையாவது அத்தானே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ஏற்கெனவே படித்து, மஞ்சள் பேனாவால் கோடும் போட்டிருந்தார்.

அக்கா சமாதானம் ஆகவில்லை. "நீ உன் கதையை வைத்துச் சொல்கிறாய். அங்கே இப்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்று உனக்கு என்ன தெரியும்?" என்றாள். நியாயமான கேள்வி. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு, அதற்குச் சிபாரிசும் தேவையில்லை. திங்கட்கிழமை காலை ஓ.பி. சீட்டு கொடுக்கிற நேரத்துக்குப் போய், வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பல்லைக் காட்டிவிட்டு வரலாம். பதினொரு மணிக்கு எத்தனை நாற்காலியில் ஆள் இருக்கிறது, வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் வாய்க்குள் குனிந்திருக்கிறார்களா அல்லது வராந்தாவில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வெளியே வருகிற நோயாளியிடம் எத்தனாவது தடவை வருகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

அத்தான் பன்னிரண்டாவது வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. வங்கியில் அப்படி விட்டுப் பழக்கமில்லாதவர். கீழ் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் ஆறு மாதமாகக் கூச்சம் இருக்கிறது, என்னிடம் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன் என்றார். பிறகு நோட்டை மூடிவிட்டு, திங்கட்கிழமை எட்டு மணிக்குள் அண்ணாமலை நகரில் இறங்க வேண்டுமானால் தஞ்சாவூரில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று கேட்டார்.